எட்டுப் பேர், எண்பத்தொரு பேர், பதினோரு பேர்

 

எனக்கு முன்னால் பேசிய பல் மருத்துவர்கள் இருவரும் ஈறு நோய் எப்படி வருகிறது, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் மருத்துவம் படித்தவள் அல்ல. மக்கள் தொடர்பியலில் டிப்ளோமா வாங்கிவிட்டு, கேமராவுக்கு முன்னால் நின்று சிரிப்பதைத் தொழிலாக வைத்திருப்பவள். பல்லுக்கும் எனக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். ஆகவே எனக்குக் கொடுத்த நேரத்தை வரலாற்றுக்கு வைத்துக்கொள்கிறேன்.

இந்த உரைக்காக நான் முதலில் போனது நூலகத்துக்கு அல்ல. சுபாங் ஜெயாவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு பெரியவர் வீட்டுக்கு. இன்றைக்கு நாம் சுபாங் ஜெயா, யூஎஸ்ஜே என்று சொல்லும் இடத்தில் பெரும்பகுதி ஒரு காலத்தில் சீபீல்ட் ரப்பர் தோட்டம். 1970களின் நடுவில்தான் பால்மரங்கள் சாய்ந்து வீடுகள் எழும்பின. அந்தப் பெரியவரும் சிலாங்கூர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். "ஐயா, அந்தக் காலத்தில் பல்லுக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். பதில் சொல்வதற்கு முன்னால் வாயில் கையை விட்டு, மேல் செட்டையும் கீழ் செட்டையும் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நாப்பத்தஞ்சு வயசுல எனக்கு ஒத்தப் பல்லு இல்லம்மா. தானா ஆடுச்சு, தானா வந்துச்சு. மிச்சத்த டிரஸ்ஸர் ஐயா புடுங்குனாரு. என் தம்பிக்கு எழுபது ஆவுது, இன்னும் முறுக்கு கடிக்கிறான். ஒரே லயம், ஒரே குழாயடி, ஒரே அடுப்புக்கரி. இது என்னம்மா நியாயம்?"

அவர் கேட்ட கேள்வி பெரிய கேள்வி. பல் மருத்துவ உலகமே அதை வெகுகாலம் கேட்டுக்கொண்டிருந்தது. விடையின் முதல் பாதி கிடைத்தது நம்மைப் போன்ற தோட்டத்துத் தமிழர்களின் வாயிலிருந்துதான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பன்னிரண்டு பேர் பல் துலக்காமல் இருந்த கதை

வாயில் கிருமி இருக்கிறது என்பது பழைய செய்தி. 1683இல் ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி அந்தோனி வான் லீவன்ஹூக், தன் பல் இடுக்கில் மாவு போல ஒட்டியிருந்த அழுக்கைச் சுரண்டி எடுத்து, தானே செய்த உருப்பெருக்கியில் பார்த்தார். சின்னஞ்சிறு உயிர்கள் துள்ளி ஓடின. லண்டன் ராயல் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். வாழ்நாளில் பல்லே துலக்காத ஒரு கிழவரின் வாயையும் பார்த்தார். அங்கே கூட்டம் இன்னும் பெரிது. அப்புறம் இருநூறு ஆண்டுகள் யாரும் அதை நோயோடு சரியாக முடிச்சுப் போடவில்லை. 1890இல் பெர்லினில் இருந்த அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர் வாய்க்கிருமிகளைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். அடுத்து ஒரு மோகம் வந்தது. வாயில் இருக்கும் கிருமிதான் மூட்டு வலி முதல் மனநோய் வரை எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லி, மேல்நாட்டில் நல்ல பல்லையும் சேர்த்துப் பிடுங்கினார்கள். அதைப் பற்றித் தனியாக ஒரு நிகழ்ச்சியே செய்யலாம். இன்றைக்கு வேண்டாம்.

நமக்கு வேண்டியது 1965. டென்மார்க் நாட்டின் ஆர்ஹுஸ் நகரப் பல் மருத்துவக் கல்லூரி. அங்கே பேராசிரியராக இருந்தவர் ஹரால்ட் லோ, நார்வேக்காரர். ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பிடித்தார். பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். "இன்று முதல் பல் துலக்காதீர்கள்" என்றார். துலக்கினால்தான் மதிப்பெண் என்று இருக்கிற கல்லூரியில் இப்படி ஒரு கட்டளை!

பத்து நாள் முதல் இருபத்தொரு நாளுக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. எவருக்கும் விலக்கில்லை. நாளுக்கு நாள் பல்லின்மேல் படிந்த படலத்தை எடுத்துப் பார்த்தபோது, தொடக்கத்தில் உருண்டையான எளிய கிருமிகள், போகப் போக நூல் போன்றவை, கடைசியில் சுருள் சுருளாக நெளிபவை என்று குடியிருப்பே மாறிக்கொண்டு வந்தது. பிறகு மறுபடி துலக்கச் சொன்னார். ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழையபடி ஆகிவிட்டது.

கிருமிப் படலம் சேர்ந்தால் ஈறு வீங்கும், படலத்தை அகற்றினால் வீக்கம் போகும் என்பதை மனித வாயிலேயே காட்டிய ஆய்வு அது. பல் தூரிகைக்கு இதைவிடப் பெரிய நற்சான்று கிடையாது. அந்தக் காலத்துப் பாடநூல்களில் ஒரு கணக்கும் இருந்தது. அழுக்கு சேர்ந்தால் ஈறு வீங்கும், வீக்கம் தீராவிட்டால் எலும்பு கரையும், எலும்பு கரைந்தால் பல் விழும். வயது ஏற ஏற எல்லோருக்கும் இதுதான் விதி. பல்பொடி விளம்பரங்களில் நாம் 'பயோரியா' என்று கேட்டுப் பழகிய நோயின் கதையும் இதுதான்.

ஆனால் ஈறு வீக்கத்தை மூன்று வாரத்தில் பார்த்துவிடலாம். எலும்பு கரைவதைப் பார்க்கப் பத்து, பதினைந்து ஆண்டுகள் வேண்டும். அத்தனை காலம் பல்லைத் துலக்காமல், பல் மருத்துவரிடமும் போகாமல் இருக்கப் போகிறவர்கள் யார்? கல்லூரி மாணவனிடம் கேட்க முடியுமா?

மலைநாட்டுக்கு வந்த அளவுகோல்

லோவும் அவருடைய கூட்டாளிகளும் இரண்டு கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1969இல் நார்வேயின் தலைநகர் ஓஸ்லோவில் 565 பேர், படித்தவர்கள், சிறுவயது முதல் பல் மருத்துவ வசதி பெற்றவர்கள். 1970இல் இலங்கை மலைநாட்டில் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ் ஆண்கள். வயது 14 முதல் 31 வரை. பல் மருத்துவம் என்ற ஒன்றே அவர்கள் பக்கம் வந்ததில்லை. தூரிகையும் பற்பசையும் வழக்கத்தில் இல்லை.

1970இல் அந்த மலைத்தோட்டத்து மனிதர்கள் யார் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நம் தாத்தா பாட்டி நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள் என்றால், அவர்களுடைய முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாகக் கண்டிச் சீமைக்கு நடந்தார்கள். அதே ஊர்கள், அதே கங்காணி, அதே லயம். இங்கே ரப்பர், அங்கே தேயிலை. அங்கே கூடுதலாக ஓர் அடி விழுந்தது. 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளைப் பங்கு பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரின் பங்கீடு 1974 வரை இழுத்தது. ஓட்டு இல்லை, ஊர் எது என்று தெரியாது. அப்படிப்பட்டவர்களின் வாசலில்தான் வெள்ளைக்கார மருத்துவர்கள் கையில் சிறிய அளவுகோலோடு வந்து நின்றார்கள்.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெல்லிய கம்பியை இறக்கி, பல்லை எலும்போடு பிடித்துவைத்திருக்கும் பிடிப்பு எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது என்று அளப்பார்கள். 1970, 1971, 1973, 1977, 1982, 1985 என்று ஆறு முறை அளந்தார்கள். முதல் தடவை முதல் கடைசி வரை அதே இரண்டு மருத்துவர்களின் கை. அளவு பிசகக் கூடாது என்பதற்காக.

1978இல் முதல் கணக்கு வெளிவந்தது. நாற்பது வயதை நெருங்கும்போது ஓஸ்லோக்காரர்களின் பிடிப்பு இழப்பு சராசரி ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றே மேல். மலைநாட்டுத் தொழிலாளர்களுக்கு நாலரை மில்லிமீட்டர். மூன்று மடங்கு. இதில் யாரும் வியக்கவில்லை. தூரிகை உள்ள வாய், தூரிகை இல்லாத வாய். எதிர்பார்த்ததுதான்.

வியப்பு 1986இல் வந்தது. அந்த ஆண்டு வெளியான கட்டுரையில், ஓஸ்லோவை விட்டுவிட்டு மலைநாட்டுத் தொழிலாளர்களை மட்டும் ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டார்கள். ஏறக்குறைய எல்லோருடைய பல்லிலும் ஒரே அளவாகப் படலம், கல்லாக இறுகிய காரை, கறை. ஏறக்குறைய எல்லோருக்கும் ஈறு வீக்கம். பழைய கணக்குப்படி பார்த்தால் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் எலும்பு கரைந்திருக்க வேண்டும் அல்லவா?

அப்படி ஆகவில்லை. அவர்கள் மூன்று கூட்டமாகப் பிரிந்து நின்றார்கள். நூற்றுக்கு எட்டுப் பேருக்கு நோய் ஓட்டமாக ஓடியது. 81 பேருக்கு நடுத்தரமாக நடந்தது. 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. அதற்குமேல் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

முப்பத்தைந்து வயதில் அந்த எட்டுப் பேருக்குப் பிடிப்பு இழப்பு சுமார் 9 மில்லிமீட்டர். 81 பேருக்கு 4. பதினோரு பேருக்கு ஒன்றுக்கும் கீழே. நாற்பத்தைந்தில் எட்டுப் பேருக்கு 13 மில்லிமீட்டர். பல்லின் வேர் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான், நேயர்களே. மண் முழுவதும் அரித்துப்போன பிறகு மரம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? அந்த எட்டுப் பேருக்கு இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கியது. முப்பத்தைந்தில் 12 பல் இல்லை, நாற்பதில் 20 இல்லை, நாற்பத்தைந்தில் ஒன்றும் இல்லை. நடுக்கூட்டத்துக்கு அதே நாற்பத்தைந்தில் ஏழு பல் நஷ்டம். பதினோரு பேருக்குச் சொல்லும்படியான நஷ்டமே இல்லை.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தத் தொழிலாளர்களுக்குச் சொத்தைப்பல் அநேகமாக இல்லவே இல்லை. விழுந்த பல்லெல்லாம் ஓட்டை இல்லாத நல்ல பல். நம் வீடுகளில் "எனக்குச் சொத்தையே கிடையாது, என் பல் இரும்பு" என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். இரும்பாகவே இருக்கலாம். கடைக்கால் போனால் இரும்புத் தூணும் சாயும்.

நான் இந்த எண்களை அந்தப் பெரியவரிடம் படித்துக் காட்டினேன். செட்டைக் கழுவித் திரும்ப மாட்டிக்கொண்டே சொன்னார்: "அப்ப நான் அந்த எட்டுல ஒருத்தன். என் தம்பி அந்தப் பதினொண்ணுல ஒருத்தன்."

ஒரு நெருடல்

இங்கே ஒரு விஷயத்தைப் பேசாமல் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஆய்வின் தலைப்பில் 'இயற்கை வரலாறு' என்ற சொல் வருகிறது. மருத்துவ மொழியில் அதற்குப் பொருள், யாரும் குறுக்கிடாமல் விட்டால் நோய் எப்படி நடந்துபோகும் என்பதன் கதை. 1965இல், தூரிகையை எடுத்தால் ஒரு வாரத்தில் ஈறு ஆறும் என்று காட்டியவர் லோ. 1970இல், தூரிகை இல்லாதவர்களின் ஈறு எப்படிக் கெடுகிறது என்று அளக்கப் போனதும் அதே லோ. டென்மார்க் மாணவர்களுக்கு மூன்று வாரத்துக்குப் பிறகு தூரிகை திரும்பக் கிடைத்தது.

நான் யார்மீதும் குற்றப்பத்திரிகை வாசிக்கவில்லை. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேக நோய் கண்ட கறுப்பினத்தவர்களிடம் பொய் சொல்லி, மருந்து வந்த பிறகும் கொடுக்காமல் சாகவிட்டுப் பார்த்தார்களே, அந்தப் பாவத்தோடு இதைச் சேர்ப்பது தவறு. அங்கே போனது உயிர். இங்கே இருந்த வசதியை யாரும் பறிக்கவில்லை, வசதியே இல்லாத இடத்துக்குத்தான் வந்தார்கள். ஆனால் பல் மருத்துவத்தின் வரலாற்றைப் புரட்டினால் ஒரு பழக்கம் தெரிகிறது. சர்க்கரை பல்லை எப்படி அரிக்கிறது என்பது உலகத்துக்கு உறுதியானது சுவீடனில், 1940களின் பின்பாதியில், வீபேஹோல்ம் மருத்துவமனையில் இருந்த மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு ஒட்டும் மிட்டாயை வேண்டுமென்றே தின்னக் கொடுத்ததால். ஈறு எப்படி அழிகிறது என்பது உறுதியானது நாடற்ற தமிழனின் வாயில். வேண்டாம் என்று சொல்ல வலு இல்லாதவர்களிடமிருந்துதான் இந்த அறிவு வந்திருக்கிறது. பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் அந்த 8, 81, 11 என்ற எண்களைப் படிக்கிறார்கள். அவை எந்தச் சனத்தின் எண்கள் என்று எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்?

480 பேரில் 1985இல் கடைசியாக வாயைக் காட்ட வந்தவர்கள் 161 பேர். அந்தப் பதினைந்து ஆண்டுகளில் மலைநாடு என்ன பாடு பட்டது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 1974இல் தோட்டங்களில் பசி. 1975இல் தோட்டங்கள் அரசுடைமை. 1977இலும் 1983இலும் கலவரம். இடையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கின. ஆய்வுக் கட்டுரையில் வெறும் எண் குறைவாகத் தெரிவது, நமக்கு வரலாறாகத் தெரிகிறது.

கிருமியா, உடம்பா?

சரி, அழுக்கு ஒன்று, நோய் மூன்று. ஏன்?

முதலில் எழுந்த சந்தேகம், அழுக்கின் அளவு ஒன்றாக இருந்தாலும் அதில் குடியிருக்கும் கிருமி வேறாக இருக்கலாம் என்பது. எல்லாக் கிருமியும் கெட்டவை அல்ல, சில வகைகளே குற்றவாளி என்று 1976லேயே வால்டர் லோஷ் என்ற அமெரிக்க ஆய்வாளர் வாதாடியிருந்தார். 1995இல் இதே இலங்கைத் தேயிலைத் தொழிலாளர்களின் ஈறுக்கு அடியில் இருந்த கிருமிகளை எடுத்து, அவற்றுக்கும் நோயின் கடுமைக்கும் என்ன உறவு என்று பார்க்கத் தனியாக ஓர் ஆய்வே வெளிவந்தது. 1998இல் பாஸ்டன் நகரத்து போர்சைத் நிலையத்தைச் சேர்ந்த சிக்மண்ட் சோக்ரான்ஸ்கியும் அவருடைய குழுவும் 185 பேரிடமிருந்து 13,000க்கும் மேற்பட்ட மாதிரிகளை எடுத்து, எந்தக் கிருமி எதனோடு சேர்ந்து வாழ்கிறது என்று பிரித்து, கூட்டணிகளுக்கு நிறங்களைப் பெயராக வைத்தார்கள். அதில் ஆழமான ஈறுப்பையில் ஒன்றாகத் தென்படும் மூன்று பேர் சிவப்புக் கூட்டணி: போர்பைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ், டிரெபோனீமா டென்டிகோலா, டானெரெல்லா போர்சைத்தியா. பெயரைச் சொல்லவே பல் வேண்டும்.

சிவப்புக் கூட்டணி கூடினால் ஈறுப்பை ஆழமாகிறது, இரத்தம் கசிகிறது. அது உண்மை. ஆனால் இதே கிருமிகள் சிறிய எண்ணிக்கையில் நல்ல ஈறு உள்ளவர்களின் வாயிலும் அகப்படுகின்றன. பேட்டையில் ரவுடி குடியிருக்கிறான் என்பதாலேயே தினமும் கலவரம் நடப்பதில்லை.

2011இல் இதற்கு ஒரு நல்ல விளக்கம் கிடைத்தது. ஜார்ஜ் ஹாஜிஷெங்காலிஸ் என்பவரும் குழுவினரும் எலிகளின் வாயில் போர்பைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸைக் கொஞ்சமாக விட்டார்கள். அது மொத்தக் கிருமிகளில் 0.01 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஆனாலும் எலும்பு கரைந்தது. வேறு எந்தக் கிருமியும் இல்லாமல் வளர்த்த எலியின் வாயில் இதை மட்டும் தனியாக விட்டபோது எலும்பு கரையவில்லை! அதாவது, அந்தக் கிருமி தானே கடப்பாரை எடுத்து இடிப்பதில்லை. உடம்பின் காவல்காரர்களைக் குழப்பிவிடுகிறது. குழப்பத்தில் சாதுவாக இருந்த மற்ற கிருமிகள் பெருகுகின்றன. உடம்பு கோபம் கொண்டு எதிர்க்கிறது. கிருமியை விரட்ட உடம்பு மூட்டும் நெருப்பிலேதான் பல்லைத் தாங்கும் எலும்பும் சேர்ந்து கரைகிறது.

இப்போது அந்த எட்டும் பதினொன்றும் புரியத் தொடங்குகிறது அல்லவா? படலம் இல்லாமல் நோய் இல்லை. ஆனால் நோயின் கடுமையைப் படலம் மட்டும் முடிவு செய்வதில்லை. உடம்பு எப்படிப் பதில் சொல்கிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. அந்தப் பதிலில் கொஞ்சம் பரம்பரை, கொஞ்சம் புகை, கொஞ்சம் சர்க்கரை. 2017இல் சிக்காகோவில் கூடிய உலக மாநாட்டின் முடிவுப்படி 2018இல் வந்த புதிய வகைப்பாட்டில், ஈறு நோய்க்கு எவ்வளவு சேதம் என்று ஒரு நிலை, எவ்வளவு வேகம் என்று ஒரு தரம், இரண்டையும் எழுதுகிறார்கள். வேகத்தைத் தனியாக எழுத வேண்டும் என்ற எண்ணத்தின் வேர் அந்தத் தேயிலை மலையில் இருக்கிறது. நாளொன்றுக்குப் பத்து சிகரெட்டோ அதற்கு மேலோ பிடிப்பவரையும், மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு 7 சதவீதத்தைத் தொட்டவரையும் வேகமான தரத்தில் சேர்த்துவிடுகிறார்கள்.

இந்த இடத்தில் நம் நாட்டு எண்கள் இரண்டைச் சொல்லியாக வேண்டும். 2010இல் எடுத்த தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 48.5 சதவீதத்தினருக்கு எலும்பு வரை இறங்கிய ஈறு நோய் இருந்தது. 18.2 சதவீதத்தினருக்கு அது கடுமையானது. 2019 தேசிய உடல்நல ஆய்வில் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு இனிப்புநீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 சதவீதம். மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு எண்களும் ஒரே வாயில் சந்திக்கின்றன. சர்க்கரை ஏறினால் ஈறு கெடுகிறது. ஈறு கெட்டால் சர்க்கரை அடங்க மாட்டேன் என்கிறது. ஈறுக்கு முறையாகச் சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதத்தில் அந்த மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு சராசரியாக 0.4 அளவுக்கு இறங்குகிறது என்று 2022இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சர்க்கரைக்காக மாதாமாதம் கிளினிக் போகிறோம். எத்தனை பேர் அங்கே வாயைத் திறந்து காட்டுகிறோம்?

நம் தோட்டங்களிலும் பெரியவர்களின் வாயை யாரும் பார்க்கவில்லை. 1949இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சி தொடங்கி, பள்ளிப் பிள்ளைகளின் பல்லைக் கவனிக்க ஆள் வந்தார்கள். அது பெரிய காரியம். ஆனால் பால்வாளி தூக்கிய அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் டிரஸ்ஸரின் குறடுதான். ஆலங்குச்சி, வேலங்குச்சி என்று பெருமை பேசி வந்த சனம், இங்கே வந்து கரியும் செங்கல் தூளுமாகத் தேய்த்தது. கரியால் பல் வெளுப்பாகத் தெரியும். ஈறுக்கு அடியில் இறுகிய காரையைக் கரியால் எட்ட முடியாது.

பெரியவர் வீட்டில் இரண்டாவது முறை போய் உட்கார்ந்தபோது இதையெல்லாம் சொன்னேன். உங்களுக்குச் சிகரெட் உண்டா என்று கேட்டேன். பதினாறு வயதில் பிடித்தது, பேரன் பிறந்தபோதுதான் விட்டாராம். இனிப்புநீர்? முப்பத்தெட்டில் கண்டுபிடித்தார்கள். தம்பிக்கு இரண்டும் இல்லை. வெற்றிலைகூடக் கிடையாது. "அதனாலதானா?" என்றார். ஒருவருடைய வாயைப் பார்க்காமல் அப்படி அடித்துச் சொல்ல முடியாது, அதிலும் நான் சொல்லக் கூடாது என்றேன். அவர் சமாதானம் ஆகவில்லை. அவருக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது.

"அந்த மலையில அளந்தாங்களே, அவங்கள்ல யாராச்சும் இருக்காங்களா?"

இருந்தார்கள். முதல் அளவு எடுத்து நாற்பது ஆண்டு கழித்து, 2010இல் மறுபடியும் தேடிப் போனார்கள். 480 பேரில் 75 பேரின் வாயைப் பார்க்க முடிந்தது. எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், சிலர் எழுபதை எட்டியவர்கள். நாற்பது ஆண்டில் ஒருவர் இழந்த பல் சராசரி பதின்மூன்று. ஒரு பல்லும் போகாதவரும் இருந்தார், இருபத்தெட்டும் போனவரும் இருந்தார். 59 பேருக்குக் கடுமையான நோய், 12 பேருக்கு நடுத்தரம். அந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. நோய் தொடங்குவதில் புகைக்கும் காரைக்கும் பங்கு உண்டு என்றும், தொடங்கிய நோய் வளர்வதில் காரையும் படலமும் வீக்கமும் சேர்கின்றன என்றும் அதில் கணக்கிட்டிருந்தார்கள்.

"மிச்சம்?" என்றார் பெரியவர். விரல் விட்டுக் கழித்துக்கொண்டிருந்தார்.

"நாலு பேர், ஐயா. அவர்களுக்குக் கடைசி வரை வரவில்லை."

"நாலு பேரா," என்றார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே திரும்பி, தம்பிக்குப் போன் போடச் சொன்னார்.